எந்த யுகி?

எங்கள் குடியிருப்பில் யார் வீட்டிலாவது வளைகாப்பு முடிந்தால் போதும், கொஞ்ச நாளில் என் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்து நிற்கும். "ஆன்ட்டி, நீங்க ஜாப்பனீஸ் தெரிஞ்சவங்க. யுகின்னா என்ன அர்த்தம்? நெட்ல 'பனி'ன்னு போட்டிருக்கு. சரிதானா?"

"எந்த யுகி?" என்று நான் திருப்பிக் கேட்பேன். கேட்டவர்களுக்குச் சுருக்கென்று இருக்கும். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிட்டுப் போகலாமே, இதில் எதிர்க்கேள்வி வேறா என்று.

பெங்களூரில் இது ஒரு மோகமாகவே ஆகிவிட்டது. அம்மா தமிழ், அப்பா கன்னடம் அல்லது மலையாளம் அல்லது ஒடியா. எந்தப் பாட்டியும் கோபித்துக்கொள்ளாத, பாஸ்போர்ட்டில் இடம் அடைக்காத, வெளிநாட்டில் யாரும் கடித்துத் துப்பாத இரண்டெழுத்துப் பெயர் வேண்டும். தேடினால் ஜப்பானியப் பெயர்கள் வந்து விழுகின்றன. அகிரா என்று இரண்டு பெண் குழந்தைகள் எங்கள் பூங்காவிலேயே ஊஞ்சல் ஆடுகின்றன. ஜப்பானில் அது பெரும்பாலும் ஆண்பிள்ளைப் பெயர். நான் வாயைத் திறப்பதில்லை. பெயர் வைத்த பிறகு போய் அர்த்தம் சொல்வது நல்ல அண்டைவீட்டாருக்கு அழகல்ல.

என் அக்கா மகள் மட்டும் விடவில்லை. ஒயிட்ஃபீல்டில் இருக்கிறாள், ஏழாவது மாதம். "சித்தி, சும்மா சுத்தி வளைக்காதே. ஒரு பட்டியல் போட்டுக் குடு" என்றாள். பட்டியல் போட உட்கார்ந்தேன். அது இப்படி ஆகிவிட்டது.

முதலில் அந்த யுகி. ஜப்பானியத்தில் பெயரின் ஓசை ஒன்று, அதை எழுதும் காஞ்சி, அதாவது சீனத்திலிருந்து வந்த எழுத்து, இன்னொன்று. அர்த்தம் எழுத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. பனியைக் குறிக்கும் எழுத்தில் எழுதினால் யுகி பனி. நற்பேறு என்ற எழுத்தில் எழுதினாலும் அதே யுகிதான். 'காரணம்' என்ற எழுத்தையும் 'வரலாறு' என்ற எழுத்தையும் சேர்த்து எழுதும் யுகிகள் உண்டு. 'இருக்கிறது', 'நம்பிக்கை' என்ற இரண்டையும் சேர்க்கும் யுகிகளும் உண்டு. அங்கே பெற்றோர் பலர் ஓசையை முதலில் முடிவு செய்துவிட்டு, பிறகு இரவெல்லாம் உட்கார்ந்து எழுத்தைத் தேடுவார்கள். சிலர் தலைகீழாக. அதனால்தான் தொலைபேசியில் தன்னை அறிமுகம் செய்யும்போது "நான் யோகோ. பசிபிக் பெருங்கடலில் வரும் யோ, குழந்தையின் கோ" என்று ஒருத்தி சொல்வாள். அடுத்த மேசையில் இருப்பவளும் யோகோ. அவள் சூரியனில் வரும் யோ. இன்னொருத்தி இலை. நாம் மூணு சுழி ண, ரெண்டு சுழி ன என்று சொல்லிக்கொடுப்பதில்லையா, அந்த ரகம்தான். ஆனால் நம்முடையதில் தப்பினால் எழுத்துப்பிழை. அங்கே தப்பினால் வேறு ஆள்.

பிடதி பக்கமும் நரசாபுரம் பக்கமும் தொழிற்சாலைகளுக்கு வந்துபோகிற ஜப்பானியர்களுக்கு மொழிபெயர்த்துத்தான் என் வயிறு இத்தனை காலம் நிறைந்தது. போல்ட்டு, நட்டு, தர அறிக்கை. அதில் கவிதை கிடையாது. ஆனால் முதல் ஐந்து நிமிடம் பெயர் அட்டையை இரண்டு கையாலும் வாங்கி, அதில் இருக்கும் பெயரை உரக்கப் படித்து, சரியாகப் படித்தேனா என்று கேட்க வேண்டும். அவர்களே ஒருவர் பெயரை ஒருவர் படிக்கத் தயங்குவார்கள். அந்த ஐந்து நிமிடத்தில்தான் நான் இந்தப் பெயர்ப் பைத்தியம் பிடித்தவளானேன்.

பெண் பெயர் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது 'கோ' என்ற முடிவு. மிச்சிகோ, யூமிகோ, கெய்கோ. குழந்தை என்று பொருள்படும் எழுத்து அது. (நம் கோ அல்ல, அரசனைத் தேட வேண்டாம்.) ஆனால் வேடிக்கை என்னவென்றால், பழைய ஜப்பானில் அது ஆண்பிள்ளைகளின் பெயரில் இருந்தது. சீனத்தில் அந்த எழுத்து பெரியவர்களுக்கு மரியாதைக்காகச் சேர்ப்பது. கன்ஃபூசியஸின் சீனப் பெயரில் கடைசியில் நிற்பதும் அதே எழுத்துதான். அந்த வழியில் ஏழாம் நூற்றாண்டு ஜப்பானில் ஆட்சியையே கையில் வைத்திருந்த ஒரு பிரபுவின் பெயர் சோகா நோ உமாகோ. 607-இல் சீனாவின் சுய் வம்ச அரசவைக்குத் தூது போனவர் ஓனோ நோ இமோகோ. இந்த இமோகோவை எழுத்துப்படி படித்தால் 'தங்கைக் குழந்தை'. மீசை வைத்த தூதர்.

ஒன்பதாம் நூற்றாண்டில் சாகா பேரரசர் தன் மகள்களுக்கு 'கோ' சேர்த்துப் பெயர் வைத்தார். அவருக்குக் குழந்தைகள் ஏராளம். அதற்குப் பிறகு அரண்மனைப் பெண்கள், பிரபுக் குடும்பத்துப் பெண்கள் என்று அது மேல்தட்டின் அடையாளமாகி நின்றுவிட்டது. இன்றைக்கும் அரச குடும்பத்துப் பெண்களின் பெயரில் அது தப்பாது. இப்போதைய பேரரசரின் மகள் ஐகோ, 2001-இல் பிறந்தவர். பழைய சீன அறிஞர் மென்சியஸின் நூலில் அன்பைப் பற்றி வரும் ஒரு வரியிலிருந்து எடுத்த பெயர்.

அந்த அரண்மனைக் காலத்துப் பெண்களைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 1000-ஆம் ஆண்டை ஒட்டி இச்சிஜோ பேரரசருக்கு இரண்டு அரசிகள். அவர்கள் பெயர் எந்த எழுத்துகளில் எழுதப்பட்டது என்பது தெரியும். எப்படி உச்சரித்தார்கள் என்பது உறுதியாகத் தெரியாது. சாதாகோவா, அகிகோவா என்று ஊகம். அதனால் அறிஞர்கள் பத்திரமாகச் சீன ஓசையில் தெய்ஷி, ஷோஷி என்று படித்துவிடுகிறார்கள். அந்த அரசிகளிடம் வேலை பார்த்த இரண்டு பெண்கள்தான் ஜப்பானிய உரைநடையின் இரண்டு தூண்கள்: செய் ஷோனகோன், முராசாகி ஷிகிபு. இவையும் இயற்பெயர்கள் அல்ல. ஷிகிபு என்பது அவள் அப்பா வேலை பார்த்த துறை. முராசாகி அவளே எழுதிய கதையில் வரும் ஒரு பெண். படைப்பிலிருந்து படைத்தவளுக்கே பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. காக்கையைப் பாடியதால் காக்கைபாடினியார் ஆன நம் நச்செள்ளையாருக்கு இது புரிந்திருக்கும்.

மெய்ஜி காலத்தில், அதாவது 1868-க்குப் பிறகு, குடும்பப் பதிவேடு வந்தது, பள்ளிக்கூடம் வந்தது, மேல்தட்டின் 'கோ' மெல்லக் கீழே இறங்கியது. இறங்கிய பிறகு அது வெள்ளம். அங்கே ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் வருடாவருடம் குழந்தைப் பெயர்களில் எது முதலிடம் என்று கணக்கு வெளியிடுகிறது. 1912 வரைக்கும் பின்னால் போகிற கணக்கு. 1912-இல் முதலிடம் சியோ. ஆயிரம் தலைமுறை என்று பொருள். 'கோ' இல்லை. ஆனால் கொஞ்ச காலத்தில் முதல் பத்து இடத்தையும் கிட்டத்தட்ட 'கோ'க்களே பிடித்துக்கொள்கின்றன. 1926 டிசம்பரில் புதிய பேரரசர் வந்து ஷோவா காலம் பிறந்ததும், அந்தக் காலப்பெயரின் இரண்டாவது எழுத்தை எடுத்து கஸுகோ என்று வைக்க ஆரம்பித்தார்கள். இணக்கம், அமைதி என்று பொருள் வரும் எழுத்து. போர் நடந்த ஆண்டுகளிலும் பல முறை முதலிடத்தில் இருந்தது அமைதியின் கஸுகோதான். இதை என்னிடம் முதலில் சொன்னது ஒரு கஸுகோ. எண்பது வயது, மகனைப் பார்க்க பெங்களூர் வந்திருந்தார். சிரிக்காமல்தான் சொன்னார்.

1959-இல் பட்டத்து இளவரசருக்கும் மிச்சிகோவுக்கும் கல்யாணம். சாதாரணக் குடும்பத்துப் பெண் அரண்மனைக்குள் போகிறாள் என்று நாடே தொலைக்காட்சி வாங்கியது. ஊரெல்லாம் மிச்சிகோ. அதற்கப்புறம் 'கோ' தேயத் தொடங்கியது. அறுபது எழுபதுகளில் 'மி' என்ற அழகு எழுத்தில் முடியும் அகெமி, நவோமி. எண்பதுகளில் ஒரே எழுத்தில் ஆய், அன்பு. தொண்ணூறுகளில் மிசாகி, அழகு மலர்தல். இப்போது ஹிமாரி, ரின், த்சுமுகி. சூரியகாந்தியின் வாடை, கைத்தறிப் பட்டின் வாடை. பெயர் அட்டையைப் பார்த்தாலே வயது தெரிந்துவிடும் எனக்கு. எங்கள் அல்சூர் தெருவிலும் அப்படித்தானே. ராஜம்மாள் என்றால் கொள்ளுப்பாட்டி, லலிதா என்றால் பாட்டி, சுமதி என்றால் அத்தை, திவ்யா என்றால் கைக்குழந்தையோடு வேலைக்குப் போகிறவள். 'அம்மாள்' நம்மிடம் எப்படி உதிர்ந்ததோ அப்படியே அங்கே 'கோ' உதிர்ந்தது. இப்போது ஒரு குழந்தைக்கு கஸுகோ என்று வைத்தால், நாம் தனபாக்கியம் என்று வைத்த மாதிரிப் பார்ப்பார்கள். ஆனால் எனக்குத் தனபாக்கியம் பிடிக்கும்.

இதெல்லாம் அரண்மனையிலிருந்து இறங்கி வந்த பெயர்கள். ஏழை வீட்டுப் பெண்களின் பெயர்கள் வேறு. எனக்கு அவைதான் நெருக்கம்.

மெய்ஜிக்கு முந்தைய எடோ காலத்திலும் மெய்ஜி காலத்திலும் கிராமத்துப் பெண்ணுக்கு இரண்டு அசையில் பெயர். காஞ்சி எல்லாம் கிடையாது, ஓசையெழுத்தில் கிறுக்கிவிட்டால் முடிந்தது. கூப்பிடும்போது முன்னால் ஒரு 'ஓ' மரியாதை. ஓ-ஹாரு, வசந்தம். ஓ-கிகு, செவ்வந்தி. மாட்சு, உமே: பைன் மரமும் ப்ளம் மரமும். த்சுரு என்றால் கொக்கு இனத்துப் பறவை, கமே என்றால் ஆமை. இரண்டும் நீண்ட ஆயுளுக்கு. ஆமை என்று ஒரு பெண் பெயர் வைத்துக்கொண்டு வாழ்ந்தாள் என்று சொன்னால் நம்மூரில் சிரிப்பார்கள். தோரா, புலி. கினு, பட்டு. பட்டம்மாளைப் பாட்டுக்காரியாகக் கும்பிட்ட நமக்குக் கினு புதிதல்ல.

பிறகு தோமே. 'நிறுத்து' என்று பொருள். சுஎ, 'கடைசி'. பெண்ணாகவே பிறந்துகொண்டிருந்தால், அல்லது வீட்டில் வாய்கள் அதிகமாகிவிட்டால், இதோடு போதும் என்று கடவுளுக்குத் தெரிவிக்கும் பெயர்கள். இதை முதன்முதலில் ஒரு பழைய பதிவேட்டு நகலை மொழிபெயர்க்கும்போது பார்த்தேன். பக்கத்தில் விளக்கம் எழுத வேண்டியிருந்தது. எனக்கு அகராதி தேவைப்படவில்லை. போதும்பொண்ணு என்று எங்கள் வகுப்பிலேயே ஒருத்தி இருந்தாள். திருத்தணிப் பக்கம் வேண்டாம் என்றே பெண்களுக்குப் பெயர் வைக்கும் ஊர் உண்டு. வேண்டாமுக்கு வருகைப்பதிவு எடுக்கும் ஆசிரியரை நினைத்துப் பாருங்கள். தினமும் காலையில் அவள் "உள்ளேன்" என்று சொல்ல வேண்டும்.

இன்னொரு வகையும் இருக்கிறது. ஸுதே. 'எறிந்துவிட்டது' என்று பொருள். இது வெறுப்பில் வைப்பதல்ல, நேர்மாறானது. பிள்ளைகள் தங்காத வீட்டில், பிறந்த குழந்தையைச் சும்மா ஒரு பேச்சுக்கு வெளியே போட்டுவிட்டு, தெரிந்த ஒருவரை எடுத்துக்கொண்டு வரச் சொல்வார்கள். எறிந்த பிள்ளை பிழைக்கும் என்று ஒரு நம்பிக்கை. ஆண்களுக்கும் இது உண்டு. ஜப்பானை ஒரு குடைக்குள் கொண்டுவந்த தோயோதோமி ஹிதேயோஷி, 1589-இல் தவமிருந்து பெற்ற மகனைச் சின்னப் பெயராக ஸுதே என்றுதான் கூப்பிட்டார். அந்தப் பிள்ளை 1591-இல் போய்விட்டது. 1593-இல் அடுத்த மகன். அவனுக்கு ஹிரோய் என்று பெயர். 'பொறுக்கியெடுத்தது'. அவ்வளவு பெரிய படை வைத்திருந்த மனிதர், எமனை ஏமாற்ற இதைத்தான் நம்பியிருக்கிறார்.

எங்கள் அப்பாவைப் பெற்ற பாட்டி பெயர் குப்பம்மா. ஆம்பூர்ப் பக்கத்துக்காரர். அவருக்கு முன்னால் பிறந்தவை எல்லாம் போய்விட்டதால், குப்பைமேட்டில் ஒரு புரட்டுப் புரட்டி எடுத்து வந்தார்களாம். பாட்டியின் தம்பி தவுடன். பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்து, ஒரு படி தவிட்டுக்குத் திரும்ப வாங்கிய பிள்ளை. அல்சூரில் எங்கள் வீட்டுக் குடும்ப அட்டையில் பாட்டியின் பெயரைப் பார்த்து நான் வெட்கப்பட்ட வயது ஒன்று உண்டு. அப்போது யாராவது எனக்கு ஹிதேயோஷியைச் சொல்லியிருக்கலாம்.

இனி அக்கா மகளுக்கு நான் உண்மையிலேயே எழுதிக் கொடுத்த பெயர்கள். ஜப்பானியப் பெயர் வேண்டும், ஆனால் நம் வீட்டு வாசனையும் வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு சின்னக் கதவு திறந்தே இருக்கிறது. பௌத்தம் இங்கிருந்து சீனா வழியாக அங்கே போனபோது சொற்களையும் மூட்டை கட்டிக்கொண்டு போனது. அவற்றில் சில பெண்களின் பெயராகி இன்றும் உயிரோடு இருக்கின்றன.

மாரி. ஒரு மாரியை எழுதும் இரண்டு காஞ்சி எழுத்துகள் மல்லிகைப் பூவைக் குறிப்பவை. சமஸ்கிருத மல்லிகா சீனத்தில் மோலி ஆனது; அதே எழுத்துகள் ஜப்பானில் மாரி. ஜெர்மனியில் படித்த ராணுவ மருத்துவரும் எழுத்தாளருமான மோரி ஓகாய், 1903-இல் பிறந்த மகளுக்கு இந்த எழுத்துகளில்தான் பெயர் வைத்தார். அவர் மனதில் இருந்தது ஐரோப்பிய மரீ. மகன்களில் ஒருவன் ஓட்டோ, இன்னொருவன் ரூயி, அதாவது லூயி. மரீக்கு ஒரு காஞ்சி தேடப்போய், தெரிந்தோ தெரியாமலோ மல்லிகாவில் போய் முட்டியிருக்கிறார். இந்த எழுத்துகளில் பெயர் எழுதும் ஒருவர் எங்கள் வீட்டுக்கு ஒரு வெள்ளிக்கிழமை சாப்பிட வந்தார். மல்லேஸ்வரம் எட்டாவது கிராஸில் இரண்டு முழம் பூ வாங்கி அவர் தலையில் வைத்துவிட்டு, "இது நீங்கதான்" என்றேன். அவர் பூவைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டு வேலைக்கு வரும் தர்மபுரி அக்காவுக்குப் பூவில் எந்த ஆச்சரியமும் இல்லை. "மாரியா? எங்க குலசாமி பேரு. இவங்க எந்த ஊரு?" என்று கேட்டார்.

ரூரி. வைடூரியத்தின் பாலி வடிவம் வேளுரிய. அது சீனத்தில் தேய்ந்து, ஜப்பானில் ரூரி ஆகிவிட்டது. நாம் இன்று வைடூரியம் என்றால் பூனைக்கண் கல்லைச் சொல்கிறோம். பௌத்த நூல்களிலிருந்து அங்கே போனது கருநீலக் கல். அங்கே நோய் தீர்க்கும் புத்தரின் முழுப்பெயரிலேயே இந்த ரூரியின் ஒளி இருக்கிறது. சாரா: சால மரம். குசிநகரில் இரண்டு சால மரங்களுக்கு நடுவே புத்தர் கண்ணை மூடினார் அல்லவா, அது. ஜப்பான் குளிரில் சாலம் சுலபமாக வளராது. கோயில்களில் வேறொரு வெள்ளைப்பூ மரத்தை நட்டு அதையே சாரா என்று கூப்பிட்டுக்கொள்கிறார்கள். கிறித்தவ சாராவோடும் ஒத்துப்போகும். மாயா: புத்தரின் தாய். கோபே நகரத்துக்குப் பின்னால் மாயா என்று ஒரு மலையே இருக்கிறது.

அக்கா மகளுக்கு மாரி பிடிக்கவில்லை. "ஸ்கூல்ல மாரியாத்தான்னு கூப்பிடுவாங்க சித்தி." கூப்பிட்டால் என்ன? ஆனால் பிள்ளை அவளுடையது. நொஸோமி வைக்கட்டுமா என்றாள். விருப்பம், நம்பிக்கை என்று அர்த்தம். நல்ல பெயர்தான், ஆனால் டோக்கியோவிலிருந்து ஒசாகா போகும் அதிவேக ரயிலுக்கும் அதே பெயர். மாப்பிள்ளை உடனே "வேண்டாம்" என்றார். சென்னைக்கும் மைசூருக்கும் நடுவே காவேரி எக்ஸ்பிரஸ் ஓடுகிறது, அதற்காக யாரும் காவேரி என்று வைப்பதை நிறுத்தவில்லை என்று சொன்னேன். எடுபடவில்லை.

அங்கே பெற்றோருக்கு நம்மைவிடத் தொல்லை அதிகம். குழந்தை பிறந்து 14 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். ஏழாம் நாள் இரவு பெயரைத் தூரிகையால் காகிதத்தில் எழுதி வீட்டில் மாட்டுவது மரபு. எழுத்தை அரசாங்கப் பட்டியலிலிருந்துதான் எடுக்க வேண்டும்: பொதுப் பயன்பாட்டுக்கு 2,136, பெயருக்கென்று கூடுதலாக 863. 2004-இல் இந்தக் கூடுதல் பட்டியலை விரிவாக்க ஒரு குழு வரைவு வெளியிட்டது. அதில் மலம், பிணம், சாபம், புற்றுநோய் எல்லாம் இருந்தன. அதிகம் புழங்கும் எழுத்தா, எளிதாக எழுத வருமா என்று மட்டும் பார்த்துச் சேர்த்துவிட்டார்கள். மக்கள் கொதித்தெழ, அவற்றை நீக்கிவிட்டு 488 எழுத்துகளைச் சேர்த்தார்கள். அப்படி உள்ளே வந்தவற்றில் ஒன்று ஸ்ட்ராபெர்ரி. பெற்றோர் வெகு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்த எழுத்து அது.

எழுத்து பட்டியலில் இருந்தாலும் அதை எப்படிப் படிப்பது என்பது பெற்றோர் இஷ்டமாக இருந்தது. நிலா என்ற எழுத்தை எழுதிவிட்டு லத்தீனில் லூனா என்று படித்துக்கொள்கிறார்கள். இந்த ஜிகினாப் பெயர்களால் பள்ளி ஆசிரியரும் மருத்துவமனை நர்ஸும் பட்ட பாடு கொஞ்சமல்ல. 2025 மே 26 முதல் குடும்பப் பதிவேட்டில் உச்சரிப்பையும் எழுத வேண்டும், அது பொதுவாக ஏற்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. இது போதாதென்று எழுத்தில் இருக்கும் கோடுகளை எண்ணிப் பலன் சொல்லும் ஜோசியம் வேறு. குடும்பப் பெயரில் எத்தனை கோடு, பெயரில் எத்தனை கோடு, கூட்டினால் நல்ல எண்ணா. ஜெயநகரில் ஒருவர் நம் பெயரில் இன்னொரு 'ஏ' சேர்த்துவிட்டு நம் பணத்தை வாங்கிக்கொள்கிறார் அல்லவா, இரண்டும் ஒரே கடைச் சரக்கு.

நம் பெயர்கள் அவர்கள் காதில் என்ன ஆகின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன். ல கிடையாது, ர-தான். கலா 'கரா' ஆகிவிடுவாள், வெற்று, காலி. ஹேமா என்றால் சொதப்பல். என்னோடு வேலை பார்த்த ஒரு ஹேமாவை இதற்காகவே முழுப்பெயரான ஹேமலதா என்று அறிமுகம் செய்துவைப்பேன். உமா என்றால் குதிரை.

என் பெயர் உமா. முதலில் சொன்ன சோகா நோ உமாகோ, அவரும் குதிரைக் குழந்தைதான். ஜப்பானியர்கள் கண்ணியமானவர்கள், முகத்துக்கு நேரே சிரிக்க மாட்டார்கள். சாக்கே என்கிற அரிசி மது இரண்டாவது கிண்ணம் உள்ளே போன பிறகு சொல்வார்கள். நான் பதிலுக்குக் காளிதாசனைச் சொல்வேன். தவத்துக்குப் போகாதே என்று தாய் மேனை மகளைப் பார்த்து "உ, மா" என்று தடுத்தாள், 'ஏ, வேண்டாம்' என்று. அதனால் உமா ஆனாள் என்கிறான் குமாரசம்பவத்தில். அந்தக் கணக்கில் திருத்தணி வேண்டாமும் நானும் அக்கா தங்கை.

ஒரு நாகோயா வாடிக்கையாளர் பேச்சுவாக்கில் என் பிறந்த ஆண்டைக் கேட்டார். 1966 என்றேன். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, "ஹினோஎ உமா நோ உமா-சான்!" என்று கைதட்டினார். தீக்குதிரை ஆண்டில் பிறந்த குதிரை.

அறுபது ஆண்டுச் சுழற்சியில் ஒரு முறை வரும் தீக்குதிரை ஆண்டில் பிறக்கும் பெண் அடங்காதவள், புருஷனை விழுங்கிவிடுவாள் என்று அங்கே நெடுங்கால நம்பிக்கை. எடோவில், அதாவது இன்றைய டோக்கியோவில், ஒரு காய்கறிக் கடைக்காரரின் மகள், ஓ-ஷிச்சி என்று பெயர். காதலனை மறுபடி பார்க்க வேண்டும் என்று தீ வைத்தாள் என்று 1683-இல் அவளை எரித்துக் கொன்றார்கள். அவள் 1666-இல், தீக்குதிரையில், பிறந்தவள் என்று கதை பரவியது. ஒரு பதின்வயதுப் பெண்ணைக் கொன்றதுமல்லாமல், அவள் பிறந்த ஆண்டையும் தண்டித்தார்கள். பெண் மூலம் நிர்மூலம் என்று கல்யாணச் சந்தையில் பெண்களைத் தட்டிக்கழித்த நாம் இதைப் பார்த்து ரொம்ப நிமிர வேண்டியதில்லை.

விளைவு கணக்கில் தெரியும். 1965-இல் ஜப்பானில் பிறந்த குழந்தைகள் சுமார் 18.2 லட்சம். 1966-இல் 13.6 லட்சம். 1967-இல் 19.4 லட்சம். ரயிலும் தொலைக்காட்சியும் ஒலிம்பிக்கும் வந்துவிட்ட நாட்டில் ஒரே ஆண்டில் கால்வாசி காணாமல் போனது, ஒரு காய்கறிக்காரர் மகளின் கதையால். 2026 மறுபடி தீக்குதிரை. இந்த முறை பெரிதாக ஏதும் நடக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. பயமுறுத்துவதற்குக் குழந்தைகளே அதிகம் மிச்சமில்லை. 2024-இல், எந்தக் குதிரையும் இல்லாமலே, அங்கே பிறந்தவை 6.86 லட்சம்.

நம் பஞ்சாங்கத்திலும் அறுபது ஆண்டுச் சுழற்சிதான். நான் பிறந்தது பராபவ வருடம் ஆவணி. 2026 சித்திரையில் மறுபடி பராபவ. ஜப்பானில் அறுபது நிறைந்தால் கான்ரேகி என்று கொண்டாடி, குழந்தைக்குப் போடுவதுபோல் சிவப்புக் கையில்லாச் சட்டை மாட்டிவிடுவார்கள். ஆணுக்கும் உண்டு, பெண்ணுக்கும் உண்டு. நம்மூரில் அறுபதாம் கல்யாணம் புருஷனுடைய அறுபதுக்குத்தான்; பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளுக்கு என்ன வயது என்று ஐயர் கேட்பதுகூட இல்லை. எங்கள் வீட்டுக்காரருக்கு அது ஆகிவிட்டது, நானும் பட்டுப்புடவையில் உட்கார்ந்து எழுந்தாயிற்று. என் கணக்கை நாகோயாக்காரர் மட்டும் ஞாபகம் வைத்திருந்து, சட்டை அளவு என்ன என்று மின்னஞ்சலில் கேட்டிருக்கிறார். லார்ஜ் என்று எழுதியிருக்கிறேன்.